கண்ணுக்கு முழு மதிப்பெண், கைக்குப் பாதி: மாத்யூ சையதின் ‘பவுன்ஸ்’ நூல் பற்றி

டேபிள் டென்னிஸ் மேஜையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். பந்தின் எடை 2.7 கிராம். அதன் குறுக்களவு 2000-ஆம் ஆண்டு வரை 38 மில்லி மீட்டராக இருந்து, பிறகு 40 மில்லி மீட்டராக ஆக்கப்பட்டது. இவ்வளவு சிறிய களத்தில் இவ்வளவு இலேசான பொருளைத் தட்டி ஆடும் ஆட்டத்தில் அறிவியல் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிராளி ஓங்கி அடித்த பந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். நாம் மேஜையை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறோம். ஆகவே பந்து கடக்க வேண்டிய தூரம் 4 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் கால் வினாடியைவிடச் சிறிதே அதிகம். ஒரு விளக்கு எரிவதைக் கண்டு விரலை அசைப்பதற்கே மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி தேவைப்படுகிறது. மீதி இருக்கும் நொடிப் பொழுதில் பந்தின் திசையையும் சுழலையும் கணித்து, காலை நகர்த்தி, கையை வீசி முடிக்க வேண்டும். கணக்குப்படி இது நடக்கவே கூடாது. ஆனால் பள்ளிச் சிறுவர்கள் கூட இதைச் செய்கிறார்கள்!

இந்தப் புதிரை மையமாகக் கொண்டு எழுந்த பொது வாசிப்பு நூல்களில் பலராலும் படிக்கப்பட்டது, மாத்யூ சையத் எழுதி 2010-இல் வெளிவந்த ‘பவுன்ஸ்’. ஆசிரியர் வெறும் பத்திரிகையாளர் அல்லர். இந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவர். இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தை ஒட்டிய பகுதியில் பிறந்து வளர்ந்து, 1995-இல் பிரிட்டனின் முதல் நிலை ஆட்டக்காரர் ஆனவர். காமன்வெல்த் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவர். ‘பிறவித் திறமை’ என்று நாம் போற்றுவது பெரும்பாலும் ஒரு கற்பனை. நீண்ட கால, நோக்கமுள்ள பயிற்சியே வல்லுநரை உண்டாக்குகிறது என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தைப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை மேஜையின் முன் நிறுத்தி ஒரே அடியை ஆயிரம் முறை அடிக்கச் சொல்கிறார்கள். ஆகவே நூல் சொல்வதில் எது உறுதியானது, எது தளர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. மாணவர்களின் மணிக்கணக்கான மாலை வேளைகள் இதில் அடங்கியிருக்கின்றன.

நூலின் உறுதியான பகுதியிலிருந்து தொடங்குவோம். அதன் நாயகர் டெஸ்மண்ட் டக்ளஸ். ஜமைக்காவில் பிறந்து பர்மிங்ஹாமில் வளர்ந்த இடக்கை ஆட்டக்காரர். இங்கிலாந்து தேசிய ஒற்றையர் பட்டத்தை 11 முறை வென்றவர். மற்றவர்கள் பின்வாங்கி நின்று அடிக்கும் பந்துகளை, இவர் மேஜையின் விளிம்பை ஒட்டி நின்றபடியே, பந்து துள்ளி எழும் கணத்தில் மடக்கித் திருப்பிவிடுவார். மின்னல் வேக எதிர்வினை உடையவர் என்று அனைவரும் நம்பினார்கள். ஒருநாள் இங்கிலாந்து அணியினரின் எதிர்வினை நேரத்தைக் கருவி கொண்டு அளந்தார்கள். டக்ளஸ் அணியிலேயே கடைசியாக வந்தார்! இளையவர்கள் எல்லாரும் அவரைவிட வேகமாக இருந்தார்கள்.

சையத் இதற்குக் கூறும் விளக்கம் மிக நேர்த்தியானது. டக்ளஸ் ஆடக் கற்றுக்கொண்ட பள்ளி அறையில் இட நெருக்கடி. மேஜைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க இடமில்லை. மேஜையோடு ஒட்டி நின்றே ஆட வேண்டிய கட்டாயம். அவ்வாறு பல ஆண்டுகள் ஆடியதில், பந்து எதிராளியின் மட்டையைத் தொடுவதற்கு முன்பே அது எங்கே வரும் என்பதை எதிராளியின் தோள், இடுப்பு, முன்கை ஆகியவற்றின் அசைவிலிருந்து படித்துவிடும் ஆற்றல் அவருக்கு வந்துவிட்டது. அவர் வேகமாக எதிர்வினை புரியவில்லை, முன்னதாகவே தொடங்கிவிடுகிறார்.

வாசகர்கள் இதன் ஒரு பாதியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ் முனையில், சுழிக் குறிக்கு நேராக, உங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.2 வினாடி. பள்ளியில் படித்த வீழ்ச்சிச் சமன்பாட்டைக் கொண்டு மற்ற அளவுகளையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். பள்ளி அணியின் சிறந்த ஆட்டக்காரரையும் மட்டையையே தொடாத மாணவரையும் பலமுறை அளந்து பாருங்கள். ஆட்டத்தில் இருவருக்கும் இடையே காணும் பெரிய வேறுபாட்டை அளவுகோலில் காண மாட்டீர்கள். பல விளையாட்டுகளில் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஒரே ஒரு ஆட்டக்காரரின் கதையை மட்டும் சான்றாகக் காட்டினால் ஏற்க முடியாது. இங்கே கதைக்குப் பின்னால் பெரும் ஆய்வுத் தொகுதி நிற்பதால் ஏற்கலாம்.

மைக்கேல் ஸ்டிக் நிகழ்ச்சியும் இதே கருத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1991-இல் விம்பிள்டன் வென்ற இந்த ஜெர்மானியருடன் சையத் ஒருமுறை டென்னிஸ் களத்தில் நின்றார். மேஜைப் பந்தில் இதைவிடக் குறைந்த நேரத்தில் பந்தைத் திருப்பிப் பழகியவர், ஸ்டிக் போட்ட சர்வீஸ்களின் முன்னால் அசையக்கூட முடியாமல் நின்றார். ‘வேகம்’ என்பது உடலின் பொதுச் சொத்து அல்ல. அந்தந்த ஆட்டத்தின் குறிப்புகளைப் படிக்கும் கல்வி அது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. தன் தோல்வியையே ஆய்வுப் பொருளாக்கிய ஆசிரியரின் துணிவையும் பாராட்ட வேண்டும்.

இங்கே ஒரு பழைய அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். “பந்தின் மேலேயே கண் வை, மட்டையில் படும்வரை பார்” என்று சொல்லாத பயிற்சியாளர் இல்லை. ரிப்போல், ஃப்ளூரான்ஸ் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தின் பாதையில் முதற் பகுதியைத்தான் கண்ணால் பின்தொடர்ந்தார்கள். மட்டையில் படும் கணம்வரை தொடரவில்லை. அருகில் வரும் பந்து கண் முன்னால் கடக்கும் கோண வேகத்துக்குக் கண்தசைகளால் ஈடுகொடுக்கவும் இயலாது. அப்படியானால் அந்த அறிவுரை பொய்யா? முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கண்ணை அலைய விடாமல், தலையை ஆட்டாமல் வைத்திருக்க அது உதவக்கூடும். ஆனால் கண் செய்யும் உண்மையான வேலை முன்னதாகவே, எதிராளியின் மட்டையருகில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்பதைத்தான் மாணவனுக்குச் சொல்ல வேண்டும்.

இதுவரை கண். இனிக் கைக்கு வருவோம்.

சையத் வெட்டி ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர். அதாவது, மேஜையிலிருந்து பல அடி பின்னால் நின்று, சீறி வரும் டாப்ஸ்பின் பந்துகளைத் தாழ்வாக, எதிர்ச் சுழலுடன் சீவி அனுப்புபவர். ஒவ்வொரு பந்தும் வேறு உயரத்தில், வேறு சுழலில், வேறு தூரத்தில் வரும். அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து கை எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதைப் பற்றி விரிவாகக் கேட்கலாம் என்று எதிர்பார்த்தே நான் நூலைத் திறந்தேன். கண்ணைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதியவர், கைக்கு வந்ததும் ‘ஆயிரக்கணக்கான மணி நேரப் பயிற்சியால் தானியங்கியாகிவிடுகிறது’ என்ற அளவில் விட்டுவிடுகிறார். என்ன தானியங்கியாகிறது? எந்த வழியில்? நூலின் பெரிய குறை இதுதான்.

இந்த இடைவெளியில்தான் ‘தசை நினைவு’ என்ற சொல் வந்து குடியேறுகிறது. தசைக்கு நினைவு இல்லை. நினைவு நரம்பு மண்டலத்துக்கு உரியது. சொல் தவறு என்பதைக்கூட மன்னித்துவிடலாம். அது உண்டாக்கும் படம்தான் ஆபத்தானது: சரியான அடி என்று ஒன்று இருக்கிறது, அதை அச்சு வார்த்தாற்போல் திரும்பத் திரும்பச் செய்தால் உடல் அதைப் பதிவு செய்துகொள்ளும், பிறகு இசைத் தட்டைப் போல ஒலிக்க வேண்டியதுதான் என்னும் படம்.

1920-களில் மாஸ்கோவில், தொழிலாளர் இயக்கங்களை ஆராய்ந்த ஒரு நிறுவனத்தில், நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் உடலியல் அறிஞர் இதைச் சோதித்தார். சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் ஆகியவற்றில் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவை வரைந்த ஒளிக் கோடுகளைப் படம் பிடித்தார். அடிக்கு அடி மூட்டுகளின் பாதை மாறிக்கொண்டே இருந்தது. சுத்தியலின் முனை செல்லும் பாதை மட்டும் அவ்வளவு மாறவில்லை. தோளில் ஏற்பட்ட சிறு விலகலை முழங்கை ஈடுசெய்தது. முழங்கை விட்டதை மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. மூளை ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி இயக்கியிருந்தால் இது நிகழ முடியாது. அது காப்பாற்றுவது இறுதி விளைவை; மூட்டுகளுக்கு அது சுதந்திரம் கொடுத்துவிடுகிறது. பயிற்சி என்பது ஒரு விடையைத் திரும்பத் திரும்ப எழுதுவதன்று, ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகத் தீர்ப்பது என்று பெர்ன்ஸ்டைன் முடிவு கட்டினார்.

சுத்தியலுக்குப் பொருந்துவது மட்டைக்கும் பொருந்துமா? ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் பூட்ஸ்மா, வான் வீரிங்கன் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஐந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை ஃபோர்ஹேண்ட் தாக்குதல் அடியை மீண்டும் மீண்டும் அடிக்கச் செய்து அளந்தார்கள். அடியைத் தொடங்கும் கணம் முறைக்கு முறை கணிசமாக மாறியது. ஆனால் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் பிழை 2 முதல் 5 மில்லி வினாடிக்குள் அடங்கிவிட்டது. புனலின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பது போல, தொடக்கத்தில் இருந்த வேறுபாடு முடிவில் ஒடுங்கிவிடுகிறது. இது எப்படி? தாமதமாகத் தொடங்கிய முறைகளில் ஆட்டக்காரர்கள் கையை மேலும் விரைந்து முடுக்கினார்கள். முன்னதாகத் தொடங்கியபோது சற்று நிதானித்தார்கள். இரண்டு ஆட்டக்காரர்களிடம், கை வீச்சு நடந்துகொண்டிருக்கும்போதே திருத்தம் நிகழ்ந்ததற்கும் அடையாளம் தெரிந்தது. இசைத் தட்டு இப்படி வாசிக்காது.

ஆகவே உடல் கட்டுப்பாடு என்பது உடலை விறைப்பாக ஒரே அச்சில் பிடித்து வைப்பதன்று. முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை இறுக்கி, கண்ணாடியின் முன் நின்று ‘அச்சு’ அடி பழகும் மாணவன், ஈடுசெய்துகொள்ளும் வாய்ப்பையே மூட்டுகளுக்கு மறுக்கிறான். புதிதாகக் கற்பவர் மூட்டுகளை இறுக்கிப் பிடிப்பது இயல்பு என்பதையும் பெர்ன்ஸ்டைன் கவனித்திருந்தார். சமாளிக்க வேண்டிய அசைவுகளைக் குறைத்துக்கொள்ள உடல் செய்யும் தந்திரம் அது. தொடக்க நாட்களில் அதில் தவறில்லை. அந்த இறுக்கத்தையே இலக்கணமாக்குவதுதான் தவறு.

நூலின் இன்னொரு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சையத், ஜெர்மனியின் பீட்டர் ஃபிரான்ஸை எதிர்த்து ஆடினார். ஆண்டுக்கணக்காகத் தயாரித்துக்கொண்டு சென்ற ஆட்டம். களத்தில் இறங்கியதும் கைகால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. எளிய பந்துகளைக்கூடத் தவறவிட்டார். பதற்றத்தில் நேரும் இந்தத் திணறலுக்கு அவர் தரும் விளக்கம் இது: கற்கும்போது ஒவ்வோர் அசைவையும் நினைத்து நினைத்துச் செய்கிறோம், நாளடைவில் அது நினைவின் பிடியிலிருந்து நழுவித் தானே நடக்கத் தொடங்குகிறது, நெருக்கடியில் மனம் பழையபடி குறுக்கிட்டு, தானே நடப்பதை நினைத்துச் செய்ய முயல்கிறது, எல்லாம் குலைந்துவிடுகிறது. நடந்துகொண்டே உங்கள் முழங்கால் எப்படி மடங்குகிறது என்று கவனியுங்கள், நடை தடுமாறும். அதே கதைதான்.

விளக்கம் சரி. ஆனால் கூர்ந்து பாருங்கள், அதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. முதலில் விதிகளாகச் சொல்லிக் கற்பிக்க வேண்டும், பின்னர்தான் அது உள்ளே இறங்கும் என்று ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். அப்படித்தான் கற்க வேண்டும் என்று எந்த விதி இருக்கிறது? நெருக்கடியில் மனம் குறுக்கிடுவதற்கு விதிகள் கையில் இருந்தால்தானே முடியும்! விதிகளே இல்லாமல் கற்றவனிடம் மனம் எதைப் பிடித்துக்கொண்டு குறுக்கிடும்?

இந்தக் கேள்வியை பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992-இலேயே கேட்டுவிட்டார். கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் திறனை இரு குழுக்களுக்குக் கற்பித்தார். ஒரு குழுவுக்கு விதிமுறைகள் எழுத்தில் தரப்பட்டன. மற்றக் குழுவினர் ஒழுங்கற்ற வரிசையில் எழுத்துகளை உரக்கச் சொல்லிக்கொண்டே பந்தைத் தள்ளினார்கள். ஆகவே தாங்கள் செய்வதைப் பற்றி விதிகளை உருவாக்கிக்கொள்ள அவர்களுக்கு மனத்தில் இடமே இல்லை. பிறகு மன நெருக்கடியை உண்டாக்கிச் சோதித்தபோது, இரண்டாவது குழுவினரின் திறன் குலையவில்லை.

இதற்கு அடுத்த படி நம் மேஜையிலேயே நடந்தது. லியாவ், மாஸ்டர்ஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்களுக்கு ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் கற்பிக்கப்பட்டது. இந்த அடியில் மட்டை பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாக உரசிச் செல்ல வேண்டும். அப்போது பந்து முன்னோக்கிச் சுழல்கிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றி ஓடும் காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதன் எதிர்விளைவாகப் பந்து கீழ்நோக்கி அழுத்தப்பட்டு, ஓங்கி அடித்தாலும் மேஜைக்குள்ளேயே விழுகிறது. மாக்னஸ் விளைவு என்று இயற்பியலில் படிப்பது இதுவே. ஒரு குழுவுக்குக் கால், இடுப்பு, மட்டைக் கோணம் என்று வழக்கமான விதிகள் வரிசையாகத் தரப்பட்டன. மற்றொரு குழுவுக்கு ஒரே ஓர் உவமை: ஒரு செங்கோண முக்கோணத்தைக் கற்பனை செய்துகொள், அதன் கர்ணத்தின் வழியே மட்டையை மேலேற்றிப் பந்தை அடி. அவ்வளவுதான். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கூடவே வேறொரு மனவேலையைக் கொடுத்தபோது விதிக் குழுவினர் தடுமாறினார்கள். உவமைக் குழுவினர் தடுமாறவில்லை.

கர்ணம் என்ற ஒரு சொல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் தனித்தனியே கட்டளை இடுவதில்லை. அது மட்டையின் பாதையை மட்டும் சொல்லிவிட்டு, மூட்டுகளை அவற்றின் போக்கில் விட்டுவிடுகிறது. பெர்ன்ஸ்டைனின் சுத்தியல் முனையை நினைவுகூருங்கள். உடல் எதைக் காப்பாற்றுகிறதோ அதன் மொழியிலேயே உவமை பேசுகிறது. இந்த ஆய்வு வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட நூல் ‘பவுன்ஸ்’. திணறலைப் பற்றி ஓர் அத்தியாயம் முழுவதும் எழுதியவர், அதைத் தவிர்க்கும் பயிற்சியைத் தம் சொந்த ஆட்டத்திலேயே சோதித்தவர்களின் பக்கம் திரும்பாதது வியப்பாக இருக்கிறது.

கதை இத்துடன் முடியவில்லை. ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழி பேசுவோரிடம் இதே உவமையைப் பயன்படுத்தியபோது அது எடுபடவில்லை. கர்ணம் என்ற சொல் அவர்கள் மனத்தில் உயிருள்ள படத்தை எழுப்பவில்லை. பூல்ட்டன், மாஸ்டர்ஸ், மேக்ஸ்வெல் ஆகியோர் வேறு உவமையைத் தேடி, மலைச் சரிவின் மேல் மட்டை ஏறிச் செல்வதாக நினைத்து அடிக்கச் சொன்னார்கள். அது பலித்தது. 2007-இல் இதை வெளியிட்டார்கள். உவமை கணிதத்தில் சரியாக இருந்தால் போதாது. கேட்பவனின் மண்ணில் முளைத்ததாகவும் இருக்க வேண்டும்.

இது தமிழ் வழி மாணவர்களை நேரடியாகத் தொடும் செய்தி. நம் விளையாட்டுக் கூடங்களில் “எல்போவை மடக்கு, ரிஸ்டைத் திருப்பு, ஷோல்டரை இறக்கு” என்று அரை ஆங்கிலத்தில் ஓடும் கட்டளைகள், ஒன்றுக்கு இரண்டு தவறுகளைச் செய்கின்றன. மூட்டு மூட்டாகப் பேசுவது ஒன்று. படம் எழுப்பாத சொல்லால் பேசுவது மற்றொன்று. நம் வீட்டிலேயே உவமைகள் கிடக்கின்றன. கீழ்ச்சுழலுடன் தாழ்வாகத் தள்ளும் ‘புஷ்’ அடிக்கு, மட்டை சற்று மல்லாந்த நிலையில் பந்தின் அடியில் வழுக்கிச் செல்ல வேண்டும். கல்லில் வெந்த தோசையின் அடியில் தோசைத் திருப்பியை நுழைப்பதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? டாப்ஸ்பின்னுக்கு மாடிப்படிக் கைப்பிடியின் சாய்வைச் சொல்லலாம். கர்ணமும் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு நன்றாகவே பொருந்தலாம். பித்தகோரஸ் தேற்றத்தை எழுதி எழுதி அவனுக்கு அது பழகிய கோடு. ஆனால் மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு அது வெறும் ஓசை. இந்த உவமைகள் பயன் தருமா என்பதை ஆடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உவமை ஆய்வுகளையும் அளவுக்கு மீறிப் போற்ற வேண்டாம். அவற்றில் பங்கேற்றவர்கள் புதியவர்கள், குழுக்கள் சிறியவை, கற்றது ஒரே ஓர் அடி. பத்தாண்டுகள் ஆடியவரின் பழுதுபட்ட பேக்ஹேண்டைத் திருத்துவதற்கு ஓர் உவமை போதும் என்று யாரும் காட்டவில்லை.

பத்தாயிரம் மணி நேரம் என்ற புகழ்பெற்ற எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிக்சனும் உடனிருந்தோரும் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதியபோது அது ஒரு சராசரியாக இருந்தது. வாசலில் நிற்கும் காவலனாக இல்லை. மக்னமாரா, ஹாம்ப்ரிக், ஆஸ்வால்ட் ஆகியோர் 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விளையாட்டுத் திறனில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 18 விழுக்காட்டையே திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்கியது. இந்தத் தொகுப்பு முறையிலும் சர்ச்சைகள் உண்டு. என்றாலும் ‘பிறவித் திறமை கட்டுக்கதை’ என்று அடித்துச் சொல்ல இடமில்லை. சையத் வாழ்ந்த சில்வர்டேல் தெருவிலிருந்து அத்தனை சிறந்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள் என்றால், நல்ல பயிற்சியாளரும் எந்நேரமும் திறந்திருந்த மன்றமும் காரணம் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அதே பயிற்சியாளரிடம், அதே மன்றத்தில் ஆடிய எல்லாரும் முதல் நிலை ஆட்டக்காரர் ஆகிவிடவில்லை. அந்த மிச்ச வேறுபாட்டை நூல் கண்டுகொள்ளவில்லை.

எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதில் நூலுக்குள்ளேயே ஒரு நல்ல குறிப்பு இருக்கிறது. 1985-இல் உலகக் கோப்பை வென்ற சீன வீரர் சென் சின்ஹுவா, பின்னர் இங்கிலாந்தில் சையதுக்குப் பயிற்சி அளித்தார். கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு, வேகத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துவார். மூச்சு விடவும் நேரம் கிடைக்காது. பல பந்துப் பயிற்சி எனப்படும் இதைச் சையத் உழைப்பின் அளவுக்கு உதாரணமாகப் பார்க்கிறார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ‘மாற்றி மாற்றி’. ஷே, மார்கன் என்பவர்கள் 1979-இல் செய்த சோதனையில், மரத் தடுப்புகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று வேலைகளைக் கற்பித்தார்கள். ஒரே வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். மூன்றையும் கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது திணறினார்கள்; ஆனால் சில நாட்கள் கழித்துச் சோதித்தபோது இவர்களே மேலாக நின்றார்கள். ஒரே மூலைக்கு நூறு ஃபோர்ஹேண்ட் அடித்து மனம் நிறைந்து வீட்டுக்குப் போகும் மாணவன், ஆட்டத்தில் வரும் முதல் மாறுபட்ட பந்தில் தடுமாறுவது ஏன் என்பதற்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. முற்றிலும் புதியவருக்கு முதல் சில நாட்கள் ஒரே வகைப் பந்து வேண்டும்தான். பந்து மட்டையில் படுவதே அப்போது பெரிய காரியம்.

ஆங்கிலம் படிக்கக்கூடிய விளையாட்டு ஆசிரியர்கள் இந்த நூலின் டக்ளஸ் பகுதியையும் சிட்னி பகுதியையும் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவற்றைப் புரட்டிப் போகலாம். படித்துவிட்டு, கையைப் பற்றி நூல் சொல்லாமல் விட்டதைத் தங்கள் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மேஜையும் ஒரு கூடைப் பந்தும் இருந்தால் போதும். ஆட்டத்துக்குப் புதிய மாணவர்கள் இருபது பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு வழக்கமான கட்டளைகள். மறு பாதிக்கு ஒரே ஓர் உவமை. இரு பாதிக்கும் ஒரே அளவு பந்து, ஒரே அளவு நேரம். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் ஐம்பது பந்து போட்டு, எதிர்ப் பக்கத்தில் குறித்த கட்டத்துக்குள் எத்தனை விழுகின்றன என்று எண்ண வேண்டும். அடுத்த ஐம்பது பந்தின்போது, அடித்துக்கொண்டே 100-இலிருந்து மும்மூன்றாகக் குறைத்து உரக்கச் சொல்லவைக்க வேண்டும். எந்த மாணவர் எந்தக் குழு என்பதை, பந்து எண்ணுபவரிடம் சொல்லிவிடக் கூடாது.